தனித்துப் படித்தவரும் கூடிப் படித்தவரும்

நம் பள்ளியில் நன்மதிப்பெண் பெற்று நகரத்துக் கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகள் சிலர், முதலாண்டுக் கணிதத்தில் தவறி ஊர் திரும்பக் கண்டிருக்கிறோம். "அடித்தளம் போதாது" என்று பிறர் கூற, நாமும் வாளாவிருந்ததுண்டு. அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு வரலாறு அக்கூற்றை ஐயுறச் செய்கிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களின் நடுவில் யூரி டிரைஸ்மன் என்பார் ஆய்வு மாணவராக இருந்தார். அங்கே நுண்கணிதம் பெருங்கூட்டத்திற்கு நடத்தப்பெறும் விரிவுரை. அதில் கறுப்பின மாணவர் பலர் தவறினர். சீன வழிவந்த மாணவர் சிறந்து விளங்கினர். காரணம் யாதென ஆசிரியர்களை அவர் வினவினார். ஊக்கமின்மை, வறுமை, பள்ளிப் பயிற்சிக் குறைவு, பெற்றோரின் அக்கறையின்மை என்றனர். நமக்குப் பழகிய பட்டியல்தான்!

அவர் அவ்விடையோடு அமையவில்லை. இரு தரப்பிலும் 20 பேரைத் தெரிந்தெடுத்து, பல மாதங்கள் உடன்பழகி, அவர்கள் படிக்கும் முறையையே உற்றுநோக்கினார். கூறப்பட்ட காரணம் ஒன்றும் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர் வாரந்தோறும் 8 மணி நேரம் வரை தவறாது உழைத்தனர். ஆயின் 20 பேரில் 18 பேர் தனியராகவே உழைத்தனர். தன் விடை பிழையென்றால், பிழை தன்னுடையதா, எல்லார்க்கும் பொதுவானதா என்று அறிய வழியில்லை. சீன மாணவரோ தனியே படித்தபின் ஒன்றுகூடி உண்டு, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். தனியே படித்ததும் கூடிப் படித்ததும் சேர்ந்து வாரந்தோறும் ஏறத்தாழ 14 மணி நேரம் அவ்வாறு கழிந்தது.

இதனையறிந்த டிரைஸ்மன் 1970களின் பிற்பகுதியில் ஒரு பயிலரங்கம் தொடங்கினார். அது பின்தங்கியோர்க்கான வகுப்பன்று. சிறப்புத் தகுதியாளர்க்கெனவே அறிவிக்கப்பட்டது. பாடநூலினும் கடினமான கணக்குகளைக் குழுக் குழுவாக அமர்ந்து மாணவரே தீர்த்தனர். பயிற்றுநர் விடை கூறார். சுற்றிவந்து வினா எழுப்புவார். நம்மவர்க்கு எளியதே போதுமென்று இரங்குவோர் இதனைக் கருதுக. அங்குப் பயின்ற கறுப்பின மாணவரிடையே தவறுதல் அரிதாயிற்று. 1988இல் டெக்சஸ் பல்கலைக்கழகமும் இவ்வழியை மேற்கொண்டது.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நிகழ்ந்த 225 ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்ட அறிக்கையொன்று 2014இல் வெளிவந்தது. விரிவுரை மட்டும் கேட்டோரில் நூற்றுக்கு 34 பேரும், வகுப்பிலேயே தாமாகச் செய்தும் உரையாடியும் கற்றோரில் 22 பேரும் சராசரியாகத் தவறினர் என்கிறது அது.

ஊர் திரும்பிய நம் பிள்ளைகளிடம் மதிப்பெண்ணைக் கேட்டோம். விடுதியில் எவரோடு அமர்ந்து படித்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.