அளவைப் பார்க்கும் காவல், பெயரைப் பார்க்கும் காவல்

கோவைக் கல்லூரி லேப் சர்வரில் டிஸ்க் நிரம்பினால் முதல் சந்தேகம் சினிமா மேல்தான். படம் வைத்த ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும், லினக்ஸின் சாதாரணப் பட்டியலில் அது தெரியாது. திருப்பூர் பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் கதை வேறு. அங்கே இடத்தைத் தின்பது வேலைக்கான ஃபைலேதான். ஒரே டி-ஷர்ட் பிரின்ட் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'பையர் ஓகே' என்று குட்டி போட்டிருக்கும்.

இதற்கு வழக்கமான வழிகள் இரண்டு. ஆளுக்கு இவ்வளவு இடம் என்று வரம்பு வைக்கும் கோட்டா 1983இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸிலேயே இருந்தது. மென்வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை, வழக்கமாக 7 நாள் தவணை. கடின வரம்பைத் தாண்டவே முடியாது. என்ன ஃபைல் என்று அது கேட்பதில்லை. ஃபைல் ஸ்கிரீனிங் விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2வில் வந்தது. எம்பி3, எம்பி4 என்ற வால்பெயரைப் பார்த்துத் தடுக்கும். வாலை மாற்றி 'டாக்' என்று வைத்தால் படம் உள்ளே போய்விடும். ஏற்கெனவே உள்ளே இருப்பதையும் அது தொடாது. ஃபைலின் முதல் சில பைட்டுகளைப் பார்க்கும் லினக்ஸின் 'ஃபைல்' கட்டளையிடம் இந்த வேடம் பலிக்காது.

மாணவனுக்குக் கோட்டா போதும் என்பேன். இடம் அவனுடையது, எதை அழிப்பது என்பதும் அவன் பாடு. அட்மின் எட்டிப்பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏற்றுமதி அலுவலகத்தில் இரண்டும் தடுமாறும். வேண்டிய டிசைனும் வேண்டாத டிசைனும் ஸ்கிரீனிங்கின் கண்ணுக்கு ஒரே வால்தான். விண்டோஸின் ஆள்வாரிக் கோட்டாவோ ஃபைலின் உரிமையாளர் கணக்கில் எழுதும். பையரோடு பேசும் மெர்ச்சன்டைசர் கேட்ட பத்துத் திருத்தங்களுக்கும் டிசைனர் தலையில் பாரம் விழும். யார் போட்டாலும் ஃபோல்டர் கணக்கில் சேர்க்கும் கோட்டாவை பையர்வாரியாக வைப்பதே இங்கே பொருந்தும். அதுவும் நிரம்பினால், ஒரு வருடமாகத் திறக்காததை அழிக்கலாமே என்றால், கடைசியாகத் திறந்த தேதியை விண்டோஸ் பல நேரம் பதிவுசெய்வதே இல்லை. ஆகவே, ஃபைல் பட்டியலை எடுத்து மெர்ச்சன்டைசர் மேசையில் வைக்க வேண்டியதுதான். பையர் எதற்கு ஓகே சொன்னார் என்பது மெர்ச்சன்டைசருக்குத்தான் தெரியும். அவரும் பாதிக்கு மேற்பட்ட ஃபைல்களுக்கு, "இருக்கட்டுங்க, ரிபீட் ஆர்டர் வந்தா வேணுமுங்க" என்பார். அதையெல்லாம் தனி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு மீதியை அழிக்கலாம்.