ஆறுக்கு ஆறு: பனித்தரையில் மார்க் போட்ட கதை

2006 ஜனவரி 14. பிரிட்டனில் ஐ.டி.வி. சேனலில் 'டான்சிங் ஆன் ஐஸ்' என்று ஒரு புதுப் போட்டி ஆரம்பித்தது. நடிகர், பாடகர், ரக்பி வீரர் என்று ஊருக்குத் தெரிந்த முகங்களைப் பிடித்து, ஸ்கேட்டிங் ஷூவை மாட்டி, ஆளுக்கொரு தொழில்முறை ஸ்கேட்டரை ஜோடி சேர்த்து பனித்தரையில் இறக்கிவிடுவார்கள். முந்தைய வாரம் வரை பனியில் நிற்கவே தெரியாதவர் இந்த வாரம் சுழல வேண்டும். ஐந்து நடுவர்கள். ஒருவர் அதிகபட்சம் 6.0 போடலாம். மொத்தம் 30.

அது என்ன கணக்கு, ஆறு? பத்துக்குப் போடலாம், நூறுக்குப் போடலாம். ஆறுக்கு ஏன் போட வேண்டும்?

காரணம் ஃபிகர் ஸ்கேட்டிங் விளையாட்டின் பழைய வழக்கம். ஆனால் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2004லேயே அந்த ஆறைத் தலைமுழுகிவிட்டது. 2006 பிப்ரவரியில் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸ்தான் 6.0 இல்லாமல் நடந்த முதல் ஒலிம்பிக்ஸ். அதாவது விளையாட்டு தூக்கி எறிந்த அளவுகோலை, அடுத்த ஒலிம்பிக்ஸுக்கு ஒரு மாதம் முன்னால் டி.வி.க்காரர்கள் தூசி தட்டி எடுத்து வந்தார்கள். தெரியாமல் செய்ததல்ல, தெரிந்தே செய்தது. ஏனென்றால் பிரிட்டிஷ் மக்களுக்கு 6.0 என்பது வெறும் மார்க் இல்லை.

அதற்கு 1984க்குப் போக வேண்டும். யுகோஸ்லாவியாவின் சரயேவோ நகரம், பிப்ரவரி 14. நாட்டிங்ஹாம் ஊரைச் சேர்ந்த இருவர் ஐஸ் டான்ஸ் இறுதிச் சுற்றில் ஆடுகிறார்கள். ஜேன் டார்வில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவர். கிறிஸ்டோபர் டீன் போலீஸ்காரராக இருந்தவர். எடுத்துக்கொண்ட இசை ரவேலின் 'பொலேரோ'. அந்த இசை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும், கத்தரிப்பது கஷ்டம். எவ்வளவு வெட்டியும் 4 நிமிடம் 28 விநாடிக்குக் கீழே வரவில்லை. விதிப்படி 4 நிமிடம் 10 விநாடியைத் தாண்டக் கூடாது. என்ன செய்தார்கள்? விதியை மறுபடி படித்தார்கள். ஷூவின் பிளேடு பனியைத் தொட்டு ஆட ஆரம்பிக்கும்போதுதான் கடிகாரம் ஓடும் என்று இருந்தது. முதல் 18 விநாடிகள் இருவரும் முழங்காலிலேயே இருந்து உடம்பை மட்டும் அசைத்தார்கள். இன்று எல்லோரும் அழகு என்று சிலாகிக்கும் அந்த ஆரம்பம், விதியில் இருந்த சந்தில் புகுந்து வந்ததுதான்!

கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் 6.0 போட்டார்கள். ஒன்பதுக்கு ஒன்பது. தொழில்நுட்பத்துக்கு மூன்று 6.0, மீதி ஆறும் 5.9. ஆக மொத்தம் பன்னிரண்டு ஆறுகள். பிரிட்டனில் சுமார் 2 கோடியே 40 லட்சம் பேர் டி.வி.யில் பார்த்ததாகச் சொல்வார்கள். ஒரே வரிசையில் ஒன்பது ஆறுகள் வந்து நின்ற அந்தக் காட்சி பலருக்கு ஆட்டத்தைவிட நன்றாக ஞாபகம் இருக்கும்.

ஆனால் அந்தப் பழைய முறையில் 6.0 உண்மையில் மார்க்கே கிடையாது. கூட்டிப் பார்க்கவும் மாட்டார்கள், சராசரி எடுக்கவும் மாட்டார்கள். ஒரு நடுவர் போட்ட எண்களை வைத்து அவர் யாரை முதலாவதாக, யாரை இரண்டாவதாக நினைக்கிறார் என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அதிக நடுவர்கள் யாரை முதலில் வைத்தார்களோ அவருக்குத் தங்கம். ஒருவருக்கு 5.9, இன்னொருவருக்கு 5.8 என்றாலும் சரி, 5.9க்கு 4.2 என்றாலும் சரி, வரிசை ஒன்றுதான். இதனால் இன்னொரு தொல்லை. முதலில் ஆடுகிறவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் நடுவர் கையை இறுக்கிப் பிடிப்பார். பின்னால் வருகிறவருக்கு இடம் வேண்டுமே! பரீட்சையில் முதல் விடைத்தாளைத் திருத்துகிற வாத்தியார் மாதிரி.

ஒன்பது பேரில் ஐந்து பேர் போதும் என்றால், ஒரே ஒரு ஆளை வளைத்தாலும் போதும். 2002 பிப்ரவரியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் அதுதான் வெடித்தது. ஜோடிகள் பிரிவில் ரஷ்யாவின் பெரேஷ்னயா-சிகாருலிட்சே ஜோடி ஒரு தாவலில் தடுமாறியது. கனடாவின் சாலே-பெல்லட்டியே ஜோடி பிசகில்லாமல் ஆடியது. தங்கம் ரஷ்யாவுக்கு, 5-4 என்ற கணக்கில். அரங்கமே கூச்சல் போட்டது. பிரான்ஸ் நாட்டு நடுவர், தன் நாட்டு சங்கம் தன்னை நெருக்கியதாக முதலில் சொன்னார், பிறகு இல்லை என்று மறுத்தார். இங்கே ரஷ்யாவுக்கு ஓட்டு, ஐஸ் டான்ஸில் பிரான்ஸுக்கு ஓட்டு என்று பண்டமாற்று நடந்ததாகக் குற்றச்சாட்டு. கனடா ஜோடிக்கும் ஒரு தங்கத்தைக் கொடுத்து சமாதானம் செய்தார்கள். அந்த நடுவருக்கும் பிரெஞ்சு சங்கத் தலைவருக்கும் மூன்று வருடத் தடை.

அதன் பிறகு வந்ததுதான் புதிய முறை. ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் ஒரு அடிப்படை மதிப்பு, செய்த விதத்துக்கு ஏற்றக் குறைச்சல், நடுவர்களின் எண்களில் மிக அதிகத்தையும் மிகக் குறைவையும் தள்ளிவிட்டு சராசரி. கணக்கு என்று பார்த்தால் பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் எந்த நடுவர் எந்த மார்க் போட்டார் என்பதையும் மறைத்துவிட்டார்கள். நெருக்கடி வராமல் இருக்கத்தானாம். திருடனைப் பிடிக்கிறேன் என்று விளக்கை அணைத்த மாதிரி! அந்த மறைப்பு 2016 வரை நீடித்தது.

சரி, மறுபடி டி.வி.க்கு வருவோம். 'டான்சிங் ஆன் ஐஸ்' நிகழ்ச்சியில் பிரபலங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களே டார்வில்லும் டீனும்தான். நடுவர்களில் ராபின் கசின்ஸ் 1980 ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். நிக்கி ஸ்லேட்டர், கேரன் பார்பர் இருவரும் ஜோடியாக அதே சரயேவோவில், அதே ஐஸ் டான்ஸ் போட்டியில் ஆடியவர்கள். இப்படி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் 6.0 தவிர வேறு எதைப் போடுவது?

ஆனால் நடுவர் மார்க் பாதிக் கதைதான். மீதி, போன் ஓட்டு. ஓட்டுப் போடுகிறவரே காசு கொடுத்துப் போட வேண்டிய தேர்தல் அது. இந்தக் காசு சமாச்சாரம் வேறு இடத்தில் நாறியது. ஐ.டி.வி.யின் வேறு சில நிகழ்ச்சிகளில் கட்டண அழைப்புகளை முறைகேடாகக் கையாண்டதற்காக 2008 மே மாதம் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு அபராதம் போட்டது.

மக்கள் ஓட்டு என்ன செய்யும் என்பதற்கு 2009 தொடரின் டாட் கார்ட்டி நல்ல உதாரணம். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' சீரியலில் நடித்தவர். ஒரு வாரம் ஆட்டத்தின் நடுவே நிலை தடுமாறி, நிற்க முடியாமல், அப்படியே சறுக்கிக்கொண்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டார்! ஜோடிப் பெண் தனியாக ஆடிக்கொண்டிருக்க, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். நடுவர் மார்க்கில் அடிமட்டம். ஜனங்களோ அவரை உள்ளே வைத்துக்கொண்டார்கள். இதற்குத்தான் அமைப்பாளர்கள் ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். கடைசி இரண்டு இடத்துக்கு வருபவர்கள் மறுபடி ஆட வேண்டும், அங்கே ஓட்டு நடுவர்களுக்கு மட்டும். ஜனங்களின் அன்பு அந்த வாசல் வரைதான் செல்லும்.

இந்த இரண்டு கணக்கையும் சேர்ப்பதில் எவ்வளவு பெரிய ஓட்டை விழலாம் என்பதை பி.பி.சி.யின் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' காட்டியது. அது பனி இல்லாத சாதாரண நடனம், ஆனால் அதே ரகப் போட்டி. 2008 டிசம்பர் 13, அரையிறுதி. மூன்று ஜோடிகள். நடுவர் வரிசையில் முதலாவதுக்கு 3 புள்ளி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1. மக்கள் ஓட்டுக்கும் இதே 3, 2, 1. அன்று ரேச்சல் ஸ்டீவன்ஸும் லிசா ஸ்நோடனும் முதலிடத்தில் சமம். இருவருக்கும் ஆளுக்கு 3. டாம் சேம்பர்ஸுக்கு 1. இப்போது மக்கள் ஓட்டில் டாமே முதலில் வந்தாலும் 1+3=4. மற்ற இருவரில் ஒருவருக்கு 3+2=5, இன்னொருவருக்கு 3+1=4. கடைசி இருவரில் டாம் கட்டாயம் இருப்பார். எத்தனை லட்சம் பேர் போன் செய்தாலும் அவரை அந்தக் கடைசிச் சுற்றிலிருந்து காப்பாற்ற வழியே இல்லை. ஜனங்கள் காசு கட்டி ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இது உறைத்தது. வேறு வழியில்லாமல் யாரையும் வெளியேற்றாமல் மூவரையும் இறுதிச் சுற்றுக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் கோப்பையை வாங்கியவர் யார் தெரியுமா? டாம் சேம்பர்ஸ்!

பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கூட்டல் கணக்கு அது. ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே ஒருவர் தாளில் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

'டான்சிங் ஆன் ஐஸ்' 2011 தொடரில் ஆறை விட்டுவிட்டு பத்துக்கு மாறியது. 2014ல் நின்றது, 2018 ஜனவரியில் திரும்பி வந்தது. அப்போது பயிற்சியாளர்களாக இருந்த டார்வில்லும் டீனும் நடுவர் நாற்காலிக்கு மாறினார்கள், 2025 தொடர் வரை அங்கேயே இருந்தார்கள். வாழ்நாளில் அத்தனை ஆறுகளை வாங்கிய இருவரும் நடுவர்களாக உட்கார்ந்து போட்டது எல்லாம் பத்துக்குத்தான். யாருக்கும் ஒரு 6.0 போட அவர்களுக்கு வாய்ப்பே வரவில்லை. போட்டிருந்தாலும், பத்துக்கு ஆறு என்றால் அது சுமார் ஆட்டம்.