மிஸ்ஸிங் அடிக்கும் எஞ்சின்: மதுரையிலிருந்து ஒரு சின்ன வரலாறு

செமஸ்டர் முடிந்து ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். பி.காம். படிக்கிறவனுக்கு எஞ்சினில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் பெரியப்பாவின் 1985 மாடல் பெட்ரோல் அம்பாசடர்தான் காரணம்.

வண்டி மேலூர் ரோட்டில் திக்க ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும். சூடேறியதும் ஐட்லிங்கில் குலுங்கும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இழுக்காது. ஒரு பட்டறையில் பார்த்தவுடனே "கார்புரேட்டர் போச்சு" என்றார்கள். மாற்றினோம். குலுக்கல் போகவில்லை. அடுத்து "எஞ்சினையே இறக்கணும்" என்றார்கள். பெரியப்பா வண்டியை விற்றுவிடுவது என்று முடிவே எடுத்துவிட்டார். காயலான் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டும் போனார்.

அதற்குள் நான் இந்த விஷயத்தைத் துருவ ஆரம்பித்தேன். துருவினால் அது நம்ம ஊர் வரலாற்றில் போய் நின்றது.

பெட்ரோல் எஞ்சின் திக்குவதற்கு அடிப்படையில் மூன்று காரணங்கள்தான். பொறி சரியில்லை, பெட்ரோல்-காற்றுக் கலவை சரியில்லை, அல்லது சிலிண்டருக்குள் அழுத்தம் இல்லை. இதில் பொறிக்கு வழி செய்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். பேட்டரி, காயில், பாயிண்ட் மூன்றையும் சேர்த்த அவருடைய அமைப்பு 1910-இல் காடிலாக் கார்களில் வந்தது. அடுத்த அறுபது எழுபது வருடம் உலகத்தில் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இந்த வழியில்தான் ஓடின. நம்ம அம்பாசடரும் அப்படித்தான்.

கெட்டரிங் இதைச் செய்து இரண்டு வருடத்தில், 1912-இல், திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் விட்டார். மேற்கு வெளி வீதியில் இன்றும் இருக்கிறதே டி.வி.எஸ்., அதன் தொடக்கம் அது. அந்த பஸ்ஸைப் பார்த்து வாட்ச்சில் நேரம் சரிசெய்யலாம் என்று மதுரைப் பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். கொஞ்சம் மிகைப்படுத்தியே இருக்கலாம். ஆனால் ஒரு காமர்ஸ் மாணவனாக எனக்கு இது கணக்கு விஷயம். நடுவழியில் நின்ற பஸ்ஸுக்கு அன்றைய டிக்கெட் வசூல் போச்சு, சம்பளமும் வட்டியும் மட்டும் போகாது. அதனால் பழுது வந்தபிறகு பார்ப்பதைவிட வருமுன் பார்ப்பதே லாபம். பஸ் கம்பெனிகள் பட்டறைகளையும் சேர்த்து வளர்த்தது இதனால்தான்.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது டி.வி.எஸ். கரிவாயுக் கருவி தயாரித்தது. பஸ்ஸின் பின்னால் பெரிய உருளை, அதில் கரியை எரித்து வரும் வாயுவில் எஞ்சின் ஓடும். நினைத்துப் பாருங்கள், கிளம்புவதற்கு முன்னால் அடுப்பு மூட்ட வேண்டும்! பெட்ரோலில் கிடைக்கும் சக்தியும் கிடைக்காது. சாம்பலும் தாரும் குழாயை அடைக்கும். அந்தக் காலத்து பஸ் திக்கினால் முதலில் வாயு வரும் வழியைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

1961-இல் இங்கிலாந்தின் லூகாஸுடன் சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். வந்தது. வாகனங்களுக்கான மின்கருவிகள் நம்ம மாநிலத்திலேயே தயாராக ஆரம்பித்தன. டி.வி.எஸ். பஸ்கள் 1972-இல் அரசுடைமையாகி, பாண்டியன் ரோடுவேஸ் ஆகிவிட்டன. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

சரி, பெரியப்பா வண்டிக்கு வருவோம். கடைசி முயற்சியாக, திருமங்கலம் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். அவர் பானெட்டைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் எதையும் தொடவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டார். பிறகு எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி மாட்டினார். வேலை செய்கிற சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் தடுமாறும். கழற்றியும் வித்தியாசமே இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்திருக்கிறது. அப்படி ஒன்று அகப்பட்டால் அதன் பிளக்கை அடுத்த சிலிண்டரில் போட்டுப் பார்க்கலாம். குறையும் கூடவே போனால் பிளக்தான் குற்றவாளி. போகாவிட்டால் வயரையோ வால்வையோ பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டியில் நான்கும் ஒரே மாதிரி தடுமாறின. "நாலுக்கும் பொதுவா இருக்கிறதுலதான் கோளாறு தம்பி" என்று சொல்லி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். பாயிண்ட் கருகிப் பள்ளம் விழுந்திருந்தது.

இந்த பாயிண்ட் கொஞ்சம் பரிதாபமான பிறவி. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று ஐட்லிங்கில் ஓடினாலே, அது வினாடிக்கு 20 தடவை திறந்து மூட வேண்டும். இடைவெளியோ சுமார் 0.4 மில்லிமீட்டர். அது திறக்கும்போது கரண்ட் அந்த இடைவெளியைத் தாவப் பார்க்கும். அதை வாங்கிக்கொள்வதுதான் பக்கத்தில் இருக்கும் விரல் அளவு கண்டன்ஸரின் வேலை. கண்டன்ஸர் பலவீனமானால் பொறி பிளக்கில் அடிப்பதற்குப் பதில் பாயிண்டிலேயே அடித்துத் தீர்ந்துவிடும். சில கண்டன்ஸர்கள் குளிர்ந்திருக்கும்போது உழைத்துவிட்டு, சூடேறியதும் கைவிடும். காலையில் ஓடியதும் மேலூர் ரோட்டில் திக்கியதும் அதனால்தான். கண்டன்ஸரும் பாயிண்டும் புதிதாக மாட்டினார். குலுக்கல் நின்றது. நாங்கள் மாற்றிய கார்புரேட்டரின் விலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது :(

இப்போதைய கார்களில் பாயிண்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களில் ஓ.பி.டி.-2 கட்டாயம். நம் நாட்டிலும் பி.எஸ்.-4 காலத்தில் ஓ.பி.டி. வந்தது. சுழலும் தண்டு ஒரு சிலிண்டரின் முறை வரும்போது கொஞ்சம் தாமதித்தால், சென்சார் அதைப் பிடித்து P0301 என்று குறியீடு கொடுக்கும். அதாவது முதல் சிலிண்டர் மிஸ்ஸிங். அந்தப் பெரியவர் காதால் கேட்டதும் அதே தாள மாற்றத்தைத்தான். ஆனால் ஏன் மிஸ்ஸிங் என்று ஸ்கேனர் சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? இன்றைய மெக்கானிக் முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாட்டி, குறியீடு P0302 ஆக மாறுகிறதா என்று பார்க்கிறார். லேப்டாப் வந்தும் வழி மாறவில்லை பாருங்கள்.

பழைய வண்டிக்காரர்களுக்கு இப்போது ஒரு புதுத் தலைவலியும் உண்டு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் வந்து, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், கார்புரேட்டர் வண்டிகளில் கலவை கொஞ்சம் மெலிந்துபோகும். பழைய ரப்பர் குழாய்களையும் அது பாதிக்கும். பெரியப்பா வண்டி போன வாரம் சிக்னலில் லேசாகக் குலுங்கியது. பெரியப்பா உடனே "எத்தனால்தான்" என்றார். நான் "முதலில் பிளக் வயரைக் கழற்றிப் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறோம்.