கண்ணுக்குள் ஒளிந்திருந்த 'எக்ஸ்' காரணி

உடம்பில் புது ரத்தக் குழாய்கள் எப்படி முளைக்கின்றன என்ற ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புற்றுநோயில் ஆரம்பித்துப் புற்றுநோயிலேயே முடித்துவிடுகிறார்கள். என் கணக்கில் அது பாதிக் கதைதான். கதை தொடங்கியது கண்ணில். மருந்து நன்றாகப் பலித்ததும் அங்கேதான். நம்மில் அறுபதைத் தாண்டியவர்கள் பலர் சர்க்கரை நோயோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். "மாமாவுக்குக் கண்ணில ஊசி போட்டிருக்கு" என்ற பேச்சைக் கேட்காத குடும்பம் இப்போது குறைவு. அந்த ஊசியின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்ப்போம்.

வளர்ந்த மனிதரின் உடம்பில் புது ரத்தக் குழாய் சும்மா முளைப்பதில்லை. காயம் ஆறும்போது முளைக்கும். பெண்களுக்கு மாதச் சுழற்சியிலும் கர்ப்ப காலத்திலும் முளைக்கும். மற்ற நேரங்களில் குழாயின் உட்சுவர்ச் செல்கள் ஆண்டுக்கணக்கில் பிரியாமல் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றைத் தட்டி எழுப்புவது யார்?

இந்தக் கேள்விக்கு 1948-இல் ஒரு விடை சொன்னவர் ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர். விழித்திரையில் தமனிகளை ஒட்டிய இடம் தந்துகிகள் இல்லாமல் வெறிச்சென்று கிடப்பதையும், சிரைகளின் பக்கமே அவை முளைப்பதையும் அவர் கவனித்தார். தமனி ஓரத்தில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. அங்கே குழாய்க்கு வேலையும் இல்லை. ஆகவே ஆக்சிஜன் போதாத திசு ஏதோ ஒரு பொருளைக் கசியவிட்டுக் குழாய்களைத் தன்னிடம் அழைக்கிறது என்று ஊகித்தார். பெயர் தெரியாத அந்தப் பொருள்தான் பிற்பாடு 'எக்ஸ் காரணி' என்று வழங்கலாயிற்று. சர்க்கரை நோயாளிகளின் கண்ணில் கண்டபடி குழாய் முளைப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்றும் அவர் கருதினார்.

அதே காலத்தில் ஒரு பெரிய சோகம் நடந்துகொண்டிருந்தது. 1942-இல் பாஸ்டனில் தியோடர் டெர்ரி, குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் புதுவகைக் குருட்டுத்தன்மை ஒன்றை விவரித்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தன. நல்ல வசதியான மருத்துவமனைகளில்தான் இது அதிகம் என்பது விசித்திரம்! இன்குபேட்டரில் தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜன்தான் வினை என்ற சந்தேகத்தை 1951-இல் மெல்பர்னின் கேட் காம்ப்பெல் எழுப்பினார். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனை அதை உறுதி செய்தது. லண்டனில் நார்மன் ஆஷ்டன் பூனைக்குட்டிகளை வைத்து நடந்ததைப் படிப்படியாகக் காட்டினார். ஆக்சிஜன் மிகுந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் குழாய் நின்று மடிகிறது. குட்டியைச் சாதாரணக் காற்றுக்குக் கொண்டுவந்ததும் பட்டினி கிடக்கும் விழித்திரை அலறிக் கூப்பிடுகிறது. குழாய்கள் கட்டுமீறி முளைத்து ரத்தம் கசிகின்றன; குழந்தைகளின் கண்ணிலோ இது முற்றினால் தழும்பு இழுத்து விழித்திரையே பிரிந்துவிடும். அந்தக் கூப்பாட்டுக்குரிய பொருள் எது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

புற்றுநோய் பக்கம் இந்த எண்ணத்தைக் கொண்டுபோனவர் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவர். உடம்புக்கு வெளியே உயிரோடு வைத்த தைராய்டு சுரப்பியில் புற்றுக் கட்டிகள் ஓரிரு மில்லிமீட்டரோடு வளர்ச்சி நின்றுபோனதை 1960-களின் தொடக்கத்தில் கண்டார். குழாய் முளைக்காவிட்டால் கட்டி வளராது என்று 1971-இல் எழுதினார். பலரும் நம்பவில்லை.

பொருள் கையில் கிடைக்க 1989 ஆயிற்று. ஜெனென்டெக் நிறுவனத்தில் நெப்போலியோன் ஃபெராரா பசுவின் பிட்யூட்டரிச் செல்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1983-இலேயே ஹெரால்ட் ட்வோராக் குழுவினர், குழாய்களைக் கசிய வைக்கும் பொருள் என்று கண்டிருந்ததும் இதே புரதம்தான். இதுதான் வி.இ.ஜி.எஃப். என்னும் ரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணி. ஆக்சிஜன் குறையும்போது செல்லுக்குள் ஒரு புரதம் அழியாமல் தங்கி இதன் மரபணுவை முடுக்கிவிடுகிறது. அந்தச் சூட்சுமத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. மைக்கேல்சனின் ஊகம் பலித்துவிட்டது! இந்தக் காரணியின் அளவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு சான்று: எலிக்கருவில் இதன் இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று மட்டும் இல்லாமல் போனாலே கரு பிழைப்பதில்லை என்று 1996-இல் தெரிந்தது.

1998 மே மாதம் ஃபோக்மனின் வேறு இரு மருந்துகளைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் எழுத, புற்றுநோயே ஒழிந்ததுபோல் ஒரே ஆரவாரம். எலிகளில் மட்டும் பலித்த சங்கதி அது; அமெரிக்காவில் அவை மருந்தாகத் தேறவில்லை. ஃபெராராவின் வழியில் வந்த அவாஸ்டின் 2004-இல் பெருங்குடல் புற்றுக்கு அனுமதி பெற்றது. கீமோதெரபியோடு சேர்த்தபோது சராசரி ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமானது. லாபம்தான், அற்புதம் என்று சொல்ல முடியாது. மார்பகப் புற்றுக்குக் கொடுத்திருந்த அனுமதியை 2011-இல் அமெரிக்க அரசே திரும்பப் பெற்றது.

கண்ணில் நடந்ததோ வேறு. 2005-இல் மயாமியின் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட், முதுமையில் விழித்திரை நடுப்பகுதி கசியும் நோய்க்கு அவாஸ்டினைத் துளியளவு கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். கசிவு வற்றியது. மறு ஆண்டே கண்ணுக்கென்று தனி மருந்து சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் அப்போது அதற்கு ஒரு ஊசி சுமார் 2,000 டாலராக இருந்தது. பிரித்தெடுத்த அவாஸ்டினுக்கு அப்போது சுமார் 50 டாலர்தான் ஆயிற்று. இரண்டும் பார்வைக்குச் சமமான பலனே தருகின்றன என்று 2011-இல் ஒப்பீட்டுச் சோதனை காட்டியது. ஒரு குப்பியைப் பலருக்குப் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் கண்ணே போகும் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனாலும் நம் நாட்டில் எத்தனையோ பேருக்கு எட்டிய மருந்து அந்த மலிவு ஊசிதான்.

காரணி மிஞ்சினால் இந்த வம்பு. குறைந்தால்? கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் போகும் நோய்நிலையில், நஞ்சு அளவுக்கு மீறிச் சுரக்கும் ஒரு புரதம் இந்தக் காரணியைப் பிடித்து முடக்கிவிடுகிறது என்று 2003-இல் ஆனந்த் கருமஞ்சியின் குழு காட்டியது. அவாஸ்டின் போட்டுக்கொண்ட புற்றுநோயாளிகள் சிலருக்கும் இதே ரத்த அழுத்தமும் புரதக் கசிவும் வருவதைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கும் இதே மருந்தை இப்போது போடுகிறார்கள். இங்கேதான் மருத்துவர்களுக்குக் கை நடுங்குகிறது. கண்ணில் போட்ட மருந்து கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும். குழந்தையின் மூளையும் நுரையீரலும் வளர அந்தக் காரணி வேண்டுமே! அதனால்தான் டோஸை எவ்வளவு குறைக்கலாம், லேசரே போதுமா என்ற விவாதம் ஓயவில்லை. எதைச் செய்வதானாலும் காலத்தில் செய்தாக வேண்டும். 34 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தைக்கும் 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதித்துவிட வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவர்களின் வழிகாட்டுதல். ரொம்பவும் முன்கூட்டிப் பிறந்த சிசுவுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே பார்த்தாக வேண்டும்.