கோனோடாக்சின்

கோனோடாக்சின் என்பது கூம்பு நத்தை எனப்படும் கடல்வாழ் மெல்லுடலியின் நஞ்சில் உள்ள பெப்டைடு வகை வேதிப்பொருள்களின் பொதுப்பெயர் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை 10 முதல் 30 வரையிலான அமினோ அமிலங்களால் ஆனவை. டைசல்ஃபைடு பிணைப்புகள் இவற்றின் வடிவத்தை நிலைநிறுத்துகின்றன.

செயற்பாடு

நத்தை தன் அம்பு போன்ற பல்லால் இரையைக் குத்தி நஞ்சைச் செலுத்துகிறது. ஆல்ஃபா வகை நிக்கோட்டினிக் அசிட்டைல்கோலின் ஏற்பிகளையும், மியூ வகை சோடியம் அயனி வழிகளையும், ஒமேகா வகை கால்சியம் அயனி வழிகளையும் தடுக்கின்றன. கோனஸ் ஜியோகிராஃபஸ் இனத்தின் கொட்டு மனிதரையும் கொல்லவல்லது. இதற்கு முறிமருந்து இல்லை.

மருத்துவப் பயன்

கோனஸ் மேகஸ் இனத்தின் நஞ்சிலுள்ள 25 அமினோ அமிலங்களும் 3 டைசல்ஃபைடு பிணைப்புகளும் கொண்ட ஒமேகா கோனோடாக்சின் ஒன்று, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பால்டோமெரோ ஒலிவேராவின் ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. இதன் செயற்கை வடிவமான சிக்கோனோடைடு, கடும் நாட்பட்ட வலிக்கான மருந்தாக 2004 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது தண்டுவடத்தில் என் வகைக் கால்சியம் வழிகளை அடைத்து, வலி உணர்வு மூளைக்குச் செல்வதைத் தடுக்கிறது. மார்ஃபீனைப் போல் அடிமைப்படுத்துவதில்லை. எனினும் இதனைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீர்மத்தினுள் நேரடியாகச் செலுத்த வேண்டும். குழப்பம், மாயத்தோற்றம் முதலிய கடும் பக்கவிளைவுகளும் ஏற்படக்கூடும் என்பதால், பிற மருத்துவ முறைகள் பயனளிக்காத நோயாளிகளுக்கே இம்மருந்து வழங்கப்படுகிறது.