மீனும் உப்பும்: பள்ளிவாசல்துறைக் கரை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

மீன் பிடித்தல் ஒரு தொழில். பிடித்த மீனைக் கெடாது காத்தல் மற்றொரு தொழில். குளிரும் ஈரமும் மிக்க வட ஐரோப்பிய நாடுகளில் ஆற்று விலாங்கைக் கூடுவைத்துப் பிடித்து, புகையூட்டிப் பதப்படுத்தினர். அங்கு விறகே முதன்மையான துணை. கற்பிட்டிக் குடாநாட்டின் பள்ளிவாசல்துறை போன்ற கரைகளிலோ வெயிலும் உப்பும் துணைநின்றன. வெயில் எல்லோர்க்கும் பொது; உப்பு அவ்வாறன்று. இக்கரையின் கருவாட்டுத் தொழிலை விளங்கிக்கொள்ள, உப்பு யார் கையில் இருந்தது என்னும் வினாவையே நாம் முதலில் எழுப்ப வேண்டும்.

மீனைக் கீறிக் குடல் நீக்கி, உப்பிட்டு ஊறவைத்து, பின்னர் வெயிலில் உலர்த்துவர். உப்புக் குறையின் புழுப்பற்றும், விலை குன்றும். ஆகவே உப்பின் விலை உயருந்தோறும் உழைப்பின் பயன் குறைந்தது.

புத்தளத்து உப்பு, மீனவர்க்கு மட்டுமன்றிக் கண்டி அரசுக்கும் இன்றியமையாததாக இருந்தது. கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தர், களப்பு வாயிலைத் தம் கண்காணிப்பில் வைத்தனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கரையோரம் முழுவதும் அவர் வசமாயிற்று. சிலாபம், புத்தளம் பகுதிகளில் விலையின்றி உப்பெடுக்கும் உரிமை கண்டியர்க்கு விடப்பட்டது. ஓர் அரசே உப்புக்காக உடன்படிக்கை செய்ய நேர்ந்ததெனின், ஏழை மீனவன் நிலை கூறவேண்டியதில்லை.

பிரித்தானியர் ஆட்சியில் உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. விளைத்தவன் அரசிடமே ஒப்படைத்தான்; அரசு அதனை உற்பத்திச் செலவினும் பன்மடங்கு விலைக்கு விற்றது. கடலுக்கு அப்பால் சென்னை மாகாணத்திலும் உப்புவரி மீனவரை வருத்தியது. பிரான்சிஸ் டே 1873இல் இந்தியக் கடல் மீன்பிடி பற்றிய அறிக்கையை வெளியிட்டார். பின்னர் அங்கு அரசு மீன் பதனிடும் முற்றங்கள் தோன்றின. வரி நீக்கிய உப்பு அவற்றில் கிடைத்தது. ஆயினும் வேலிக்குள், உப்பு இலாகா அதிகாரியின் கண்முன்னேதான் பதனிட வேண்டும். சலுகையும் காவலும் ஒருங்கே வந்தன.

இவற்றால் நாம் பெறும் முடிபு ஒன்றுண்டு. கடலோர மக்களின் வறுமைக்குக் கடலின் வளக்குறைவையோ அவர்தம் பழமைப்பற்றையோ மட்டும் காரணங் கூறுதல் பொருந்தாது. வலையும் வள்ளமும் அவர்க்குச் சொந்தமாயிருந்த இடத்தும், பிடித்ததைக் காக்கும் பொருள் பிறர் கையில் இருந்தது. காக்க இயலாத மீனை அன்றே, வாங்குவோன் சொன்ன விலைக்கு விற்றாக வேண்டும். மீனவர் வரலாற்றை வலையிலிருந்து மட்டுமன்றி, உப்பளத்திலிருந்தும் எழுதத் தொடங்குதல் நம் கடன்.