ராமானுஜன் சேர்க்காத மூலங்கள்

தளியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் சமன்பாட்டியல் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். 1, 2+3ஐ ஆகியவற்றை மூலங்களாகக் கொண்ட பல்லுறுப்புக்கோவை வேண்டும். கெழுக்கள் மெய்யெண்களாக இருக்க வேண்டும். படி முடிந்தவரை சிறியதாக இருக்க வேண்டும். ('ஐ' என்பது மைனஸ் 1-இன் வர்க்கமூலம்.) "2−3ஐ-யையும் சேர்த்துக்கோ" என்றேன்.

"அது கேள்வியிலயே இல்லையே மாமா? இல்லாததை எதுக்குச் சேர்க்கணும்?"

சேர்த்தால்தான் கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எக்ஸ்² − 4எக்ஸ் + 13 கிடைக்கும். அதை (எக்ஸ் − 1)-ஆல் பெருக்கினால் எக்ஸ்³ − 5எக்ஸ்² + 17எக்ஸ் − 13. வரைந்து காட்டினேன். வளைகோடு அச்சை 1-இல் மட்டும்தான் வெட்டுகிறது. மற்ற இரண்டு மூலங்களும் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் அவற்றை விட்டுவிட்டால் மிஞ்சுவது எக்ஸ் − 1 என்ற வெறும் நேர்கோடு.

ஓசூர் திரும்பும் பஸ்ஸில் அவள் கேள்வி கூடவே வந்தது. கண்ணுக்குத் தெரியாத மூலங்களைச் சேர்க்காமல் போனதற்கு நம் ஊரில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

மூலங்களை வைத்துக் கோவையைக் கட்டும் வேலையை முடிவில்லாத தூரத்துக்கு இழுத்துச் சென்றவர் ஆய்லர். 1730-களில், சைன் சார்பு எங்கெல்லாம் பூச்சியமாகிறதோ அந்த எண்களைக் கொண்டு அதை ஒரு பெருக்கலாக எழுதிப் பார்த்தார். அதிலிருந்து 1 + 1/4 + 1/9 + … என்ற தொடரின் கூட்டுத்தொகை பையின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு என்று வந்தது. சைனுக்குக் கலப்பெண் மூலங்களும் இருந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவர் காலத்தவர்களே கேட்டார்கள். நல்ல வேளை, இல்லை.

பகா எண்கள் விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் என்பதை ஸீட்டா சார்பின் மூலங்கள் தீர்மானிக்கின்றன என்று ரீமான் 1859-இல் காட்டினார். −2, −4, −6 என்று போகும் மெய் மூலங்களால் பெரிய பாதிப்பில்லை. மற்றவை கலப்பெண்கள், நம் பாடப்புத்தகத்தில் வருவதுபோல் சோடி சோடியாக. முதல் சோடி ½ ± 14.13ஐ. கற்பனைப் பகுதிகள் அடிபட்டுப்போய், ஒவ்வொரு சோடியும் ஓர் அலையாக எண்ணிக்கையில் சேர்கிறது.

1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் இருந்த குமாஸ்தா, ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். பகா எண்களின் எண்ணிக்கைக்குத் திட்டமான கோவை இன்னும் கிடைக்கவில்லை என்று உங்கள் நூலில் படித்தேன். என்னிடம் ஒன்று இருக்கிறது, பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல என்கிறார். அதே கடிதத்தில் தனக்குச் சுமார் 23 வயது என்றும் எழுதியிருக்கிறார். உண்மையில் 25!

சூத்திரம் அபாரமானது. 1000-க்குள் உள்ள பகா எண்கள் 168. அதுவும் கிட்டத்தட்ட அதையே தருகிறது. பத்து லட்சத்துக்குள் 78,498. சூத்திரம் 29 கூடுதலாகச் சொல்கிறது. நூறு கோடிக்குள் 5,08,47,534. இங்கே 79 குறைவு. எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பிழை இப்படி இரு பக்கமும் ஊசலாடிக்கொண்டே வளரக்கூடியது. பொருட்படுத்தத் தக்கதல்ல என்றது தவறு. ஸீட்டாவுக்குக் கலப்பெண் மூலங்களே இல்லாத ஓர் உலகில்தான் ராமானுஜனின் கொள்கை சரியாக இருந்திருக்கும் என்று பின்னாளில் ஹார்டி எழுதினார். இந்தத் தோல்வி ஒருவகையில் அவருடைய வெற்றிகளைவிட வியப்பானது என்றும் சொன்னார்.

ஹார்டி பெருந்தன்மையோடு சொன்னதுதான். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. ராமானுஜனுக்குக் கலப்பெண் தெரியாமல் இல்லை. கலப்பெண் மாறியின் சார்புகள் பற்றிய கொள்கைதான் அவரிடம் வந்து சேரவில்லை. கையில் இருந்தது கார் தொகுத்த சூத்திரப் புத்தகம். இங்கிலாந்திலேயே அது அப்போது பழசு. நாமகிரித் தாயார் கனவில் வந்த கதையை நாம் சலிக்காமல் சொல்கிறோம். தேவையான புத்தகம் கைக்கு வராத கதையைச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுகிறோம். மேதை தப்பு செய்தார் என்று ஆகிவிடுமே!

ராமானுஜனுடைய அதே தொடரை அவருக்கு முன்பே கண்டடைந்தவர் கிராம் என்ற டென்மார்க்காரர். அவரும் பேராசிரியர் இல்லை, காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவர். ஸீட்டாவின் முதல் 15 கலப்பெண் மூலங்களைக் கணக்கிட்டு 1903-இலேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார். ராமானுஜன் கடிதம் எழுதியது அதற்குப் பத்து வருடம் கழித்து.

அன்றிரவு வீட்டுக்கு வந்து பைத்தானில் ஓட்டிப் பார்த்தேன். முதலில் ராமானுஜனின் சூத்திரம் மட்டும்: வழவழப்பான ஒரு வளைகோடு. பிறகு கிராமின் 15 மூலங்களை, அவற்றின் சோடிகளோடு. கோடு நெளிய ஆரம்பித்தது. 2-இல் ஒரு படி ஏறுகிறது, 3-இல் ஒன்று, 5-இல், 7-இல். 11 வரைக்கும் ஓரளவு தெரிகிறது. அதற்கப்புறம் மங்கல்தான், 15 போதாது.